கொலையாளி அறியப்படாத கொலையும் ஊரார் பொறுப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



‘சட்டமும் சமுதாயமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். அது பெருங்கடல். கடலின் கரையில் நின்றுகொண்டு அதன் பரப்பை வியந்து பேசுவதைவிட, ஒரு கைப்பிடி நீரை அள்ளி நன்றாகப் பார்ப்பது பயன் தரும் என்று எண்ணினேன். ஆகவே, ஒன்பதே வசனங்களில் அடங்கிவிடுகின்ற பழைய சட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பண்டைய இசுரவேல் மக்களின் சட்டங்களைக் கூறும் உபாகமம் என்னும் நூலில், 21-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அது உள்ளது. இங்குள்ள கிறித்தவ அன்பர்கள் அதனைப் படித்திருக்கக்கூடும். அதன்மேல் ஒரு பிரசங்கம் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே. நானும் பிரசங்கம் செய்ய வரவில்லை. சட்டத்தைச் சட்டமாகவே பார்க்க விரும்புகிறேன்.

அச்சட்டம் கூறுவது இதுதான். வெட்டவெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யார் என்று தெரியவில்லை. அப்போது மூப்பர்களும் நியாயாதிபதிகளும் புறப்பட்டு வந்து, பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றிலும் உள்ள ஊர்களுக்குத் தொலைவை அளக்க வேண்டும். எந்த ஊர் மிக அண்மையில் இருக்கிறதோ, அந்த ஊரின் மூப்பர்கள் ஒரு கிடாரியைக் கொண்டுவர வேண்டும். அது நுகத்தில் பூட்டப்படாததாய், எவ்வித வேலைக்கும் பழக்கப்படாததாய் இருத்தல் வேண்டும். உழவும் விதைப்பும் அறியாத ஒரு பள்ளத்தாக்கிற்கு அதனை ஓட்டிச் சென்று, அங்கே அதன் கழுத்தை முறிக்க வேண்டும். லேவி குலத்து ஆசாரியர்கள் அங்கு வந்து நிற்பார்கள். மூப்பர்கள் கிடாரியின்மேல் தங்கள் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தைச் சிந்தியவை தங்கள் கைகள் அல்ல என்றும், தங்கள் கண்கள் அதைக் காணவில்லை என்றும் உரக்கச் சொல்லி, குற்றமற்றவனின் இரத்தப்பழியைத் தங்கள் மக்கள்மேல் சுமத்த வேண்டாம் என்று கடவுளிடம் மன்றாடுவார்கள். அதன் பின்னரே பழி நீங்கும்.

இப்படி ஒரு சட்டம் ஏன் வேண்டியிருந்தது? அக்காலத்தில் காவல் நிலையம் இல்லை. அரசுத் தரப்பில் வழக்குத் தொடுப்பவரும் இல்லை. ஒருவன் கொல்லப்பட்டால் நீதி கேட்டுப் புறப்படுகின்றவன் அவனுடைய நெருங்கிய உறவினனே. அவனுக்கு இரத்தப்பழி வாங்குபவன் என்று பெயர். கொலைக்கு ஈடாகப் பணம் வாங்கிக்கொண்டு கொலைகாரனை விட்டுவிடக் கூடாது என்று எண்ணாகமத்தின் 35-ஆம் அதிகாரம் தடை விதித்தது. ஒரே சாட்சியின் சொல்லை நம்பி எவனுக்கும் மரண தண்டனை விதிக்கக் கூடாது என்பதும் அங்கேயே விதியாக உள்ளது. சிந்தப்பட்ட இரத்தம் நிலத்தையே தீட்டாக்கிவிடும். சிந்தியவன் தண்டிக்கப்படும்வரை அது தீராது என்பது அம்மக்களின் உறுதியான நம்பிக்கை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். வழிப்போக்கன் ஒருவன், பெயர் தெரியாதவன், கேட்க நாதியற்றவன், வயலில் வெட்டுண்டு கிடந்தால் என்ன செய்வது? பழிவாங்க உறவினன் இல்லை. சாட்சி இல்லை. குற்றவாளி இல்லை. நடைமுறை உலகில் இப்படிப்பட்ட மரணத்திற்கு ஒரு முடிவு உண்டு, அது மறதி. பிணத்தைப் புதைத்துவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கும். அந்த மறதிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஒன்பது வசனங்களும் எழுந்தன என்பது என் கருத்து.

அண்டை நாட்டாரிடமும் இதை ஒத்த சட்டங்கள் இருந்தன. பாபிலோனில் ஏறத்தாழ கி.மு. 1750-இல் வகுக்கப்பட்ட ஹம்முராபியின் சட்டங்களுள் 22 முதல் 24 வரை உள்ள பிரிவுகள் கொள்ளையைப் பற்றியவை. கொள்ளைக்காரன் பிடிபடாவிட்டால், பொருளை இழந்தவன் தான் இழந்ததைக் கடவுளின் முன்னிலையில் எடுத்துச் சொல்ல வேண்டும். கொள்ளை நடந்த எல்லைக்குரிய நகரமும் அதன் தலைவனும் அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும். உயிர் போயிருந்தால் இறந்தவனின் மக்களுக்கு ஒரு மினா வெள்ளி தர வேண்டும். மினா என்பது சுமார் அரைக் கிலோ எடை. ஹித்தியர்களின் சட்டத்திலோ, கொலையுண்டவன் எவனுடைய நிலத்தில் கிடந்தானோ அவனே ஈடு தர வேண்டும். நிலம் எவருக்கும் உரியதன்று என்றால், குறிப்பிட்ட தொலைவுக்குள் இருக்கும் ஊர் பொறுப்பேற்க வேண்டும். அத்தொலைவுக்குள் ஊர் ஏதும் இல்லை என்றால் இறந்தவனின் வாரிசு இழந்தது இழந்ததுதான். சிரியாவின் கடற்கரையில் இருந்த ஊகாரித் அரசுக்கும் கார்கமிஷ் அரசுக்கும் இடையே கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட உடன்படிக்கை ஒன்றும் கிடைத்துள்ளது. ஒரு நாட்டு வணிகர்கள் மற்ற நாட்டில் கொல்லப்பட்டால், ஆளுக்கு இத்தனை மினா வெள்ளி என்று அதில் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இச்சட்டங்களைக் குறைத்துப் பேச மாட்டேன். கணவனை இழந்தவளுக்கு வெள்ளி பயன்படும். கிடாரியின் முறிந்த கழுத்தால் அவள் அடுப்பு எரியாது. உபாகமம் இறந்தவனின் குடும்பத்திற்கு ஒரு காசும் வாங்கித் தரவில்லை. அது அச்சட்டத்தின் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஊகாரித் ஒப்பந்தம் யாரைக் காத்தது என்பதையும் கவனியுங்கள். இறந்தவன் வணிகன், அவனுக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. உபாகமத்தின் சட்டம் இறந்தவனின் தொழிலைக் கேட்கவில்லை, செல்வத்தைக் கேட்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவன் குற்றமற்றவன் என்பது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இனி அளத்தலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்ட நூலில், சோத்தா என்னும் பகுதியின் 9-ஆம் அதிகாரம் இச்சட்டத்தை அணு அணுவாக ஆராய்கிறது. எருசலேமின் பெருமன்றத்திலிருந்து மூவர் வந்து அளக்க வேண்டும் என்றார் ஒருவர். ஐவர் வேண்டும் என்றார் மற்றொருவர். பிணத்தின் எந்த உறுப்பிலிருந்து அளப்பது? கொப்பூழிலிருந்து என்றார் ரபீ எலியேசர். மூக்கிலிருந்து என்றார் ரபீ அக்கீபா. அவன் கொலையுண்டவனாக ஆன இடம் கழுத்துதான், ஆகவே கழுத்திலிருந்து என்றார் யாக்கோபின் மகன் எலியேசர். தலை ஓரிடத்திலும் உடல் வேறோரிடத்திலும் கிடந்தால் எதை எதனிடம் கொண்டு சேர்ப்பது என்றும் வாதிட்டார்கள்.

இதைக் கேட்டு இளைஞர்கள் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறேன். பல கல் தொலைவை அளக்கும்போது மூக்குக்கும் கொப்பூழுக்கும் உள்ள இடைவெளி எம்மாத்திரம் என்று நினைக்கிறீர்கள். நானும் முதலில் படித்தபோது சிரித்தேன். பின்னர்தான் அதிலுள்ள மரியாதை தெரிந்தது. நாட்டின் தலைசிறந்த நீதிபதிகள் பெயரறியாத ஒரு பிணத்தின் அருகே குனிந்து, அவனுடைய மூச்சு எங்கே இருந்தது, அவன் உயிர் எங்கே கருக்கொண்டது என்று கேட்கிறார்கள். பிணம் ஓர் ஊரின் வாசலிலேயே கிடந்து, அதுவே மிக அண்மையில் உள்ள ஊர் என்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அளக்காமல் விடக் கூடாது என்று தல்மூத் கூறுகிறது. அளப்பதே கடமை. நீதிமன்றம் நடந்து வர வேண்டும். ஊரார் பார்க்க வேண்டும். கயிறு பிடிக்க வேண்டும்.

கிடாரியையும் பள்ளத்தாக்கையும் பற்றி அறிஞர்கள் பல விதமாகப் பொருள் கூறுகிறார்கள். பலிபீடம் இல்லை, இரத்தம் தெளிப்பதில்லை, இறைச்சி உண்பதில்லை. ஆகவே இது வழக்கமான பலி அன்று என்பது மட்டும் தெளிவு. பிற விளக்கங்களை விட்டுவிடுகிறேன். நடைமுறைப் பயனைச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடீஸ். அவர் கூற்றின் சாரம் இது: பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அளக்கிறார்கள், கிடாரி போகிறது, ஊரெங்கும் இதே பேச்சாகிவிடும். பேச்சு பரவினால் எங்கோ ஒருவர் வாயிலிருந்து உண்மை வெளிப்படும். மேலும், கிடாரி கொல்லப்பட்ட நிலத்தைப் பின்னர் உழவும் கூடாது, விதைக்கவும் கூடாது என்பது யூத மரபு. தன் நிலம் என்றென்றைக்கும் தரிசாகிவிடும் என்று அஞ்சும் நிலக்காரன் கொலையாளியைக் கண்டுபிடிக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வான். நிலக்காரனின் மனத்தை மைமோனிடீஸ் நன்கு அறிந்திருந்தார் என்றே சொல்ல வேண்டும்! அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியரும் இச்சட்டத்தை எடுத்துரைக்கும்போது, முதலில் தீவிரமாகத் தேட வேண்டும், துப்புக் கொடுப்போர்க்குப் பரிசு அறிவிக்க வேண்டும், அதன் பின்னரே சடங்கு என்று வரிசைப்படுத்துகிறார்.

சாட்சியைப் பற்றிய விதி இன்னும் கவனிக்கத்தக்கது. கொலை வழக்கில் இருவர் சாட்சி வேண்டும் என்றேன். பெண்களின் சாட்சியும் அடிமைகளின் சாட்சியும் அந்நீதிமன்றங்களில் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஆனால் இங்கே, கொலையாளியைக் கண்டேன் என்று ஒரே ஒருவர் சொன்னாலும், அவர் பெண்ணாயினும், அடிமையாயினும், கிடாரியின் கழுத்தை முறிக்கக் கூடாது என்று மைமோனிடீஸ் தம் சட்டத் தொகுப்பில் எழுதுகிறார். அந்த ஒரு சொல்லைக் கொண்டு எவனையும் தூக்கிலிட முடியாது, உண்மையே. எனினும், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று மூப்பர்கள் கடவுளின்முன் சொல்ல இயலாதபடி அச்சொல் தடுத்துவிடும். பிற வழக்குகளில் பொதுவாகச் செல்லாத வாய்ச்சொல் பெரிய மனிதர்களின் வாயை அடைத்த இடம் இது.

இனிக் கை கழுவுதலுக்கு வருகிறேன். நம் தமிழில் ஒருவனைக் கைகழுவி விட்டார்கள் என்றால், பொறுப்பை உதறிவிட்டார்கள் என்று பொருள். இயேசுவின் விசாரணையில் ரோமானிய ஆளுநன் பிலாத்து தண்ணீர் வரவழைத்துக் கைகழுவினான் என்று மத்தேயு எழுதிய நற்செய்தி கூறுகிறது. நிற்பவன் குற்றமற்றவன் என்று அவனுக்குத் தெரியும். விடுவிக்கும் அதிகாரமும் அவனிடம் இருந்தது. தெரிந்தும், முடிந்தும், உதறினான்.

பள்ளத்தாக்கில் நிற்கும் மூப்பர்களின் நிலை நேர்மாறானது. அவர்களுக்கு எதுவும் தெரியாது. அவர்கள் எதுவும் செய்யவில்லை. அப்படியிருந்தும் வந்து நிற்கிறார்கள். மிஷ்னா ஒரு கேள்வி கேட்கிறது: மன்றத்து மூப்பர்கள் கொலைகாரர்கள் என்று யாராவது நினைத்தோமா, பின் ஏன் இந்த உறுதிமொழி? அதற்கு அது தரும் விடையின் கருத்து: அம்மனிதன் எங்களிடம் வந்து நாங்கள் அவனை உணவின்றி அனுப்பவில்லை; அவனைக் கண்டும் வழித்துணையின்றி விடவில்லை. இந்த உறுதிமொழியை எத்தனை ஊர்த் தலைவர்கள் துணிந்து சொல்ல முடியும்? தன் கையில் அரிவாள் இல்லை என்று சொல்வது எளிது. பசித்து வந்தவனுக்குச் சோறு போட்டேன், இருட்டில் தனியே போகிறவனோடு நடந்தேன் என்று சொல்வதே கடினம். வழித்துணை அனுப்பாதவன் இரத்தம் சிந்தியவனுக்கு ஒப்பானவன் என்று தல்மூத் கடுமையாகவே கூறுகிறது. ஊர்விட்டு ஊர் செல்வோருக்குத் துணையாக ஆட்களை நீதிமன்றமே ஏற்பாடு செய்யும் என்றும், தருமம் செய்யக் கட்டாயப்படுத்துவதுபோல் வழித்துணைக்கும் கட்டாயப்படுத்தலாம் என்றும் மைமோனிடீஸ் குறிக்கிறார்.

இதில் ஒரு சுவையான கருத்து வேற்றுமை உண்டு. எருசலேம் தல்மூத் அதைப் பதிவு செய்திருக்கிறது. பாபிலோன் நாட்டு அறிஞர்கள் மூப்பர்களின் சொற்களை இறந்தவனைப் பற்றியவையாகக் கொண்டார்கள். நான் இப்போது சொன்ன பொருள் அதுவே. பாலஸ்தீன நாட்டு அறிஞர்களோ அதே சொற்களைக் கொன்றவனைப் பற்றியவையாகக் கொண்டார்கள். அதாவது, கொலைகாரன் எங்கள் கையில் சிக்கி நாங்கள் அவனை விட்டுவிடவில்லை. அவனைக் கண்டும் வழக்கை மூடிமறைக்கவில்லை என்பது அவர்கள் கொண்ட பொருள். இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும் வேண்டும் என்பேன். முன்னது கொலைக்கு முந்திய கடமை. பின்னது கொலைக்குப் பிந்திய கடமை.

இச்சட்டத்தைப் புகழ்ந்துகொண்டே போனால் அது நேர்மையன்று. அதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். அந்நியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊருக்கு அருகிலும், நாட்டின் எல்லைப்புறத்திலும் பிணம் கிடந்தால் மிஷ்னாவின்படி அளப்பதில்லை. அவ்விடத்தில் இறந்தவன் அளக்கப்படாதவனாகவே போனான். மற்றொன்று, கற்குவியலுக்குள் மறைக்கப்பட்ட பிணம், மரத்தில் தொங்கும் பிணம், நீரில் மிதக்கும் பிணம் ஆகியவற்றிற்கும் இச்சடங்கு இல்லை. மூலச் சட்டத்தில் நிலத்தின்மேல், வெட்டவெளியில், விழுந்து கிடப்பவன் என்ற சொற்கள் வருவதால் இப்படிப் பொருள் கொண்டார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது சரியாக இருக்கலாம். என் மனம் ஒப்பவில்லை. மரத்தில் தொங்குகின்ற பிணத்திற்கும் நீரில் மிதக்கின்ற பிணத்திற்கும்தான் கேள்வி கேட்பவர் மிகவும் தேவை. நான் சொல்வதன் பொருள் இந்த அவையினருக்கு விளக்காமலே விளங்கும்.

ஊர்ப் பொறுப்பு என்றால் ஊரையே தண்டிப்பதா என்று ஒரு மாணவர் கேட்கலாம். அதே உபாகமத்தின் 24-ஆம் அதிகாரம், பிள்ளைகளுக்காகத் தகப்பனையும் தகப்பனுக்காகப் பிள்ளைகளையும் கொல்லக் கூடாது, அவனவன் தன் குற்றத்திற்கே சாக வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே குற்றம் தனிமனிதனுடையது. கணக்குச் சொல்லும் கடமையே ஊருடையது. இந்த வேறுபாட்டை மறந்தால் தீங்கு விளையும். 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியர்கள், தங்கள் இனத்தவன் ஒருவன் கொல்லப்பட்டுக் கொலையாளி அகப்படாவிட்டால் அந்த வட்டாரம் முழுவதற்கும் அபராதம் விதித்தார்கள். இறந்தவன் ஆங்கிலேயன் என்று மெய்ப்பித்தால் அபராதம் இல்லை! 1340-இல்தான் அது ஒழிந்தது. ஆள்வோரின் உயிருக்கு மட்டும் ஊர் பொறுப்பு என்பது அச்சட்டம்.

நம் நாட்டின் சட்டப் புத்தகத்திலும் இக்கொள்கையின் சாயல் உண்டு என்பதைச் சட்டம் பயிலும் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1976-இல் 10-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தீண்டாமைக் குற்றத்தில் ஈடுபட்ட அல்லது அதற்குத் துணைநின்ற வட்டாரத்தாருக்கு மாநில அரசு கூட்டு அபராதம் விதிக்க அது வழிசெய்கிறது. குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தங்களால் இயன்ற உதவியைச் செய்யத் தவறியவர்களும், முக்கியச் சான்றை மறைத்தவர்களும்கூட அதன் வரம்பிற்குள் வருகிறார்கள். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதனை வன்கொடுமைகளுக்கும் பொருந்தச் செய்தது. குற்றவாளி இன்னார் என்று கண்டுபிடிக்க முடியாதபோதும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களோ இழப்பீடு கோரலாம் என்ற விதி 2009-இன் இறுதியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஹம்முராபியின் வெள்ளி ஒரு பக்கமும் உபாகமத்தின் பொறுப்பு மறு பக்கமும் நம் ஏடுகளில் உள்ளன. இவற்றைக் கேட்டுப் பெறுவதற்குப் பிரிவு எண் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் படிப்பு.

கடைசியாக ஒன்று. இந்தச் சடங்கு எவ்வாறு மறைந்தது என்பதையும் மிஷ்னா பதிவு செய்திருக்கிறது. கொலைகாரர்கள் பெருகியபோது கிடாரியின் கழுத்தை முறிப்பது நின்றுபோயிற்று. தேவை மிகுந்த காலத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று நீங்கள் வியக்கலாம். காரணத்தைச் சொன்னவர், எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிந்த காலத்தில் வாழ்ந்த யோகனான் பென் சக்காய் என்னும் ஆசான். கிடாரி என்பது கொலையாளி யார் என்ற ஐயம் உள்ள கொலைக்கு உரியது. இப்போதோ வெளிப்படையாகவே கொல்கிறார்கள் என்றார் அவர். ஊருக்கே தெரிந்த கொலைகாரன் தெருவில் நடமாடும்போது, எங்கள் கண்கள் காணவில்லை என்று மூப்பர்கள் கைகழுவினால் அது பொய்ச்சத்தியம் ஆகும். பொய்ச்சத்தியம் செய்வதைவிடச் சடங்கை நிறுத்துவது மேல் என்று கண்டார்கள்.

அவ்வாறு நின்றது எவனுடைய காலத்தில் என்பதையும் மிஷ்னா பெயரோடு எழுதி வைத்திருக்கிறது. அவன் எலியேசர் பென் தினாய். இருபது ஆண்டுகள் நாட்டைச் சூறையாடிய அவனை ஆளுநர் பேலிக்ஸ் பிடித்து ரோமாபுரிக்கு அனுப்பினான் என்று யோசேப்பு குறிக்கிறார். அவனுக்கு முன்பு மதிப்பான வேறொரு பெயரும் இருந்தது. மக்கள் அதனை விட்டுவிட்டுக் கொலைகாரனின் மகன் என்றே அவனை அழைக்கத் தொடங்கினார்கள்.